மினி பிசி வாங்கப் போகிறீர்களா?

கம்ப்யூட்டர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மேசைக்கு அடியில் காலில் இடிக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிதான். அந்தப் பெட்டியின் வேலையை இன்று டிபன் பாக்ஸ் அளவுள்ள ஒரு சின்னப் பெட்டி செய்து விடுகிறது. இதைத்தான் மினி பிசி என்கிறார்கள். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மூன்றையும் இதில் இணைத்துவிட்டால் முழு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் தயார்!

நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கும் என் அப்பாவுக்காக இரண்டு மினி பிசி வாங்கினேன். ஒன்று எரிந்து போனது. மற்றொன்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலாவது எரிந்ததற்குக் காரணம் அப்பா என்று அவர் நினைத்தார். காரணம் நான்தான். என்ன நடந்தது என்பதையும், இதை வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்கிறேன்.

அப்பாவின் கம்ப்யூட்டர்

அப்பா ஓய்வு பெற்ற அரசு அலுவலக எழுத்தர். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். ஓய்வுக்குப் பிறகு ஊர்க்காரர்களுக்கு மனு டைப் செய்து கொடுப்பதை வேலையாக வைத்துக்கொண்டார். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டையில் பெயர் திருத்தம் என்று தினமும் இரண்டு மூன்று பேர் வருவார்கள். பணம் வாங்க மாட்டார். பேப்பர் மட்டும் அவர்கள் கொண்டு வர வேண்டும்.

அவரிடம் இருந்தது 2009-ல் வாங்கிய டூயல் கோர் சிஸ்டம். அதை ஆன் செய்துவிட்டு காபி குடித்துவிட்டு வரலாம்! 2024-ல் அதன் ஹார்ட் டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. புது கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்றேன்.

லேப்டாப் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். டைப்ரைட்டரில் பழகிய கைக்குப் பெரிய கீபோர்டு வேண்டும். கண்ணுக்குப் பெரிய திரை வேண்டும். மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. மாற்ற வேண்டியது பெட்டியை மட்டும்தான். இப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்களுக்கு மினி பிசியைவிடப் பொருத்தமானது வேறு இல்லை.

கொஞ்சம் வரலாறு

சின்னக் கம்ப்யூட்டர் என்பது புது யோசனை இல்லை. தைவானின் வியா நிறுவனம் 2001-ல் 17 செ.மீ. சதுரமுள்ள மினி ஐ.டி.எக்ஸ். மதர்போர்டை அறிமுகப்படுத்தியது. 2005 ஜனவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் மேக் மினியை வெளியிட்டார். விலை 499 டாலர். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் எதுவும் அதனுடன் வராது; உங்களிடம் இருப்பதையே இணைத்துக்கொள்ள வேண்டும். இன்றும் பெரும்பாலான மினி பிசிகளுக்கு இதுதான் விதி.

இன்டெல் நிறுவனம் ‘நக்’ என்ற பெயரில் 4 அங்குலச் சதுர போர்டு கொண்ட பெட்டிகளை 2013 முதல் விற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் லெனோவா, டெல், எச்.பி. நிறுவனங்கள் ஆபீஸ்களுக்காக ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டிகளைக் கொண்டு வந்தன. 2023 ஜூலையில் இன்டெல் ‘நக்’ தயாரிப்பிலிருந்து விலகியது. ஆசுஸ் நிறுவனம் அதை எடுத்து நடத்துகிறது. இதற்கிடையே சீனாவிலிருந்து பெயர் கேள்விப்படாத பல பிராண்டுகள் சந்தைக்கு வந்துவிட்டன. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

எந்த வகை உங்களுக்கு?

வீட்டு உபயோகத்துக்கு வாங்கக்கூடியவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. இன்டெல் என்100 வகை: 2023 ஜனவரியில் வெளியான இந்த பிராசஸரில் 4 கோர்கள் உள்ளன. இதன் மின் அளவு 6 வாட் மட்டுமே. இன்டர்நெட், டைப்பிங், வீடியோ பார்ப்பது, ஆன்லைன் வகுப்பு, வீட்டுக் கணக்கு ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். 4கே வீடியோவும் திணறாமல் ஓடும். வீடியோ எடிட்டிங், பெரிய விளையாட்டுகள் வேண்டுமென்றால் இதை வாங்காதீர்கள்.

2. ரீபர்பிஷ்டு ஆபீஸ் மினி: பெரிய கம்பெனிகள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் சிஸ்டங்களைச் சுத்தம் செய்து விற்கிறார்கள். லெனோவா திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளக்ஸ் மைக்ரோ, எச்.பி. எலைட்டெஸ்க் மினி ஆகியவை இந்த வகை. கட்டுமானம் உறுதியானது. உதிரி பாகம் கிடைக்கும். கொடுக்கும் பணத்துக்கு அதிக வேகம் இதில்தான்.

3. ரைசன் அல்லது கோர் ஐ5, ஐ7 கொண்ட புது மினி: புரோகிராமிங், போட்டோஷாப், ஓரளவு விளையாட்டு ஆகியவற்றுக்கு ஏற்றது. விலை லேப்டாப் அளவுக்குப் போய்விடும்.

4. மேக் மினி: 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எம்4 மாடல் 12.7 செ.மீ. சதுரம்தான். ஆரம்ப மாடலிலேயே 16 ஜி.பி. ராம் உண்டு. வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ராமைப் பின்னர் கூட்ட முடியாது. மேக் பழகாதவர்களுக்கும், பழைய விண்டோஸ் சாப்ட்வேர்களை நம்பியிருப்பவர்களுக்கும் யோசனை தேவை.

அப்பாவின் வேலைக்கு முதல் வகையே போதும் என்று முடிவு செய்தேன்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பேர்போனா? முழு சிஸ்டமா?: விளம்பரத்தில் விலை மிகக் குறைவாக இருந்தால் ‘பேர்போன்’ என்ற வார்த்தை எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ராம், எஸ்.எஸ்.டி., விண்டோஸ் மூன்றும் இருக்காது. தனியாக வாங்கிப் போட வேண்டும். 2025-ன் கடைசி மாதங்களில் உலகம் முழுவதும் ராம் விலை கடுமையாக ஏறியது. ஏ.ஐ. சர்வர்களுக்கு மெமரி சிப்புகள் திருப்பி விடப்பட்டதே இதற்கு முக்கியக் காரணம். எனவே பேர்போன் மலிவு என்று நினைத்து வாங்கி, ராமுக்குப் பெட்டியின் விலையையே கொடுக்கும் நிலை வரலாம். மொத்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ராம்: 8 ஜி.பி. குறைந்தபட்சம்; 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி. மினி பிசியில் லேப்டாப்பில் போடும் சின்ன ராம் ஸ்டிக்தான் பொருந்தும். பழைய டெஸ்க்டாப் ராமைக் கழற்றி இதில் போட முடியாது. டி.டி.ஆர்.4 கேட்கும் சிஸ்டத்தில் டி.டி.ஆர்.5 பொருந்தாது. சில மாடல்களில் ராம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அதில் பிறகு எதுவும் செய்ய முடியாது.

ஸ்டோரேஜ்: இதைக் கவனமாகப் படியுங்கள். மிக மலிவான மாடல்களில் 64 அல்லது 128 ஜி.பி. இ.எம்.எம்.சி. சிப் இருக்கும். இதுவும் போர்டில் ஒட்டப்பட்டது. வேகமும் குறைவு. கழற்றி மாற்றக்கூடிய எம்.2 எஸ்.எஸ்.டி. உள்ள மாடலையே வாங்குங்கள். நான் வாங்கிய சமயத்தில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான். அந்தப் பணம் எனக்கு எப்படி உதவியது என்பதைப் பின்னால் சொல்கிறேன். எம்.2-விலேயே சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு வகை உண்டு. உங்கள் சிஸ்டம் எதை ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள். என்100 சிஸ்டம் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறை வேகத்துக்கு மேல் போகாது. அதில் விலை உயர்ந்த நான்காம் தலைமுறை எஸ்.எஸ்.டி. போடுவது வீண்.

எந்தத் தலைமுறை?: ரீபர்பிஷ்டு வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும், டி.பி.எம். 2.0 வசதியும் வேண்டும். கடைக்காரர் “ஐ7 சார், சூப்பரா ஓடும்” என்பார். ஐ7-6700டி என்றால் அது 6-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11-ன் பட்டியலில் அது இல்லை. ஐ5-8500டி என்றால் 8-ஆம் தலைமுறை. அது பட்டியலில் உண்டு. கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7 என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கடைசியில் வரும் ‘டி’ என்பது 35 வாட் பிராசஸர் என்பதைக் குறிக்கும். லினக்ஸ் பயன்படுத்தப் போகிறவர்களுக்குப் பழைய தலைமுறையும் பரவாயில்லை.

போர்ட்டுகள்: அப்பாவின் பழைய மானிட்டரில் வி.ஜி.ஏ. மட்டுமே இருந்தது. பெரும்பாலான மினி பிசிகளில் எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளே போர்ட் இரண்டுதான் இருக்கும். எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து வி.ஜி.ஏ.-வுக்கு மாற்றும் சின்னக் கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கேபிளை மட்டும் வாங்கிவிடாதீர்கள். உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர்தான் வேலை செய்யும். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், பென் டிரைவ் என்று எண்ணினால் நான்கு யு.எஸ்.பி. போர்ட்டாவது வேண்டும். டிவிடி டிரைவ் எதிலும் இருக்காது.

வாரண்டி: 2023 ஆகஸ்டில் இந்திய அரசு லேப்டாப், டேப்லட் ஆகியவற்றுடன் மிகச் சிறிய வகைக் கம்ப்யூட்டர்களின் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு கொண்டு வந்தது. சொந்த உபயோகத்துக்கு ஒன்று மட்டும் கூரியரில் வரவழைக்க விலக்கு உண்டு. வரி கட்ட வேண்டும். வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகத் தெரிந்தாலும், வரியைச் சேர்த்தால் விலை ஏறிவிடும். பழுதானால் திருப்பி அனுப்பவும் முடியாது. இந்தியாவில் பில் தரும் கடையில் வாங்குவதே நல்லது.

முதலில் செய்ய வேண்டியது

2024 தீபாவளி விடுமுறையில் பெட்டியைக் கொண்டு போனேன். 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ரூ.19,000 ஆனது. அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்குள்ளயா எல்லாம் இருக்கு?” என்றார்.

பெயர் தெரியாத பிராண்ட் வாங்கினால் அதில் வந்திருக்கும் விண்டோஸை நம்பாதீர்கள். 2024 தொடக்கத்தில் ஒரு சீன பிராண்டின் மினி பிசிகளில் பெட்டியைத் திறக்கும்போதே ஸ்பைவேர் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவில் போட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். லைசென்ஸ் முறையானதாக இருந்தால் இன்டர்நெட்டில் இணைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆகவில்லை என்றால் உடனே கடைக்காரரிடம் கேளுங்கள். இன்ஸ்டால் செய்யும் முன் நெட்வொர்க், சவுண்டு டிரைவர்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்பாவுக்கு மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் ஒன்று தொடங்கி, விண்டோஸ் 11 இன்ஸ்டால் செய்தேன். பழைய மனுக்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துருக்களை முதலில் போட்டால்தான் பைலைத் திறக்கும்போது தமிழ் தெரியும். இல்லையென்றால் புரியாத ஆங்கில எழுத்துகள் வரும். பழைய டைப்ரைட்டர் கீபோர்டு முறைக்கு என்.எச்.எம். ரைட்டர் போட்டுக் கொடுத்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை யு.எஸ்.பி. டாக்கில் மாட்டி எல்லா பைல்களையும் காப்பி செய்தேன். காப்பி முடிந்த மறுநாளே அது உயிரை விட்டது. “கரெக்டான நேரத்துல எடுத்தேன்” என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். இனி அந்த பைல்கள் இருப்பது ஒரே இடத்தில்தான் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. ஆபீசில் தினமும் பேக்கப் சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று!

கரண்ட் எவ்வளவு மிச்சம்?

பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரை வைத்து அளந்து பார்த்தேன். பழைய கேபினெட் சும்மா இருக்கும்போதே 70 வாட் எடுத்தது. மினி பிசி டைப் செய்யும்போது 10 வாட். தினம் 8 மணி நேரம் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்குப் பழையது 33.6 யூனிட், புதியது 4.8 யூனிட். கிட்டத்தட்ட 29 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் பார்த்தால் இது சின்ன அளவு அல்ல.

இன்னொரு லாபம் யு.பி.எஸ்.! லேப்டாப் போல மினி பிசிக்குள் பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் டைப் செய்தது போய்விடும். எனவே யு.பி.எஸ். அவசியம். அப்பாவின் 600 வி.ஏ. யு.பி.எஸ். பழைய சிஸ்டத்தைக் கால் மணி நேரம்தான் தாங்கியது. புது பேட்டரி மாற்றி, மினி பிசியையும் மானிட்டரையும் அதில் மாட்டியதும் ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் தாங்கியது.

வெள்ளையடித்தபோது நடந்தது

2025 பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். முன் அறையிலிருந்த சாமான்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்தார்கள். வயர்கள் எல்லாம் ஒரு கூடையில். அதே கூடையில் என்னுடைய பழைய லேப்டாப் சார்ஜரும் கிடந்தது. நான் கல்லூரியில் வைத்திருந்த லேப்டாப். அது போய்ப் பல வருடமாகிறது. சார்ஜரை மட்டும் யாரும் தூக்கிப் போடவில்லை.

வெள்ளையடித்து முடித்ததும் அப்பா ஒவ்வொரு வயராக மாட்டினார். மினி பிசியின் அடாப்டர் 12 வோல்ட். லேப்டாப் சார்ஜர் 19 வோல்ட். இரண்டின் முனையும் ஒரே அளவு உருண்டை பின். கூடையில் கைக்குக் கிடைத்தது சார்ஜர். பின் கச்சிதமாக உள்ளே போனது. ஸ்விட்சைப் போட்டார். லேசாகக் கருகிய வாசனை. அவ்வளவுதான்.

அப்பா என்னிடம் சொல்லவில்லை. போனில் கேட்டபோதெல்லாம், “கொஞ்ச நாளா உட்காரலைப்பா, கண்ணு வலிக்குது” என்றார். இரண்டு வாரம் கழித்து அம்மாதான் சொன்னார்: “அப்பா கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டேங்கிறாருடா. வர்றவங்களை மன்னார்குடிக்குப் போய் டைப் அடிச்சுக்கங்கன்னு அனுப்பிடுறாரு.”

சனிக்கிழமை காலை ஊரில் இறங்கினேன். பெட்டியின் மேல் ஒரு துண்டு மூடியிருந்தது. “பத்தொன்பதாயிரம் ரூபாயைப் புகைய வச்சுட்டேன் தம்பி” என்றார் அப்பா. பணம்கூட அவருக்குப் பெரிதில்லை. பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவருக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருந்தது. முன்பு கொடுத்த மனுவின் நகலையும் அதற்கு வந்த பதிவு எண்ணையும் தாலுகா ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் இருந்தது அந்தப் பெட்டிக்குள்தான். பாட்டி மூன்று முறை வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்.

எஸ்.எஸ்.டி. காப்பாற்றியது

சர்வீஸ் சென்டரில், தவறான மின்சாரத்தால் ஆன பழுதுக்கு வாரண்டி கிடையாது என்றார்கள். போர்டு தனியாகவும் கிடைக்காதாம். பெட்டியின் அடிப்பக்கம் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினேன். எம்.2 எஸ்.எஸ்.டி. பிஸ்கட் போல உள்ளே இருந்தது. அதை எடுத்து ஒரு யு.எஸ்.பி. என்குளோசரில் போட்டு என் லேப்டாப்பில் செருகினேன். மின்சாரம் நுழையும் பகுதி மட்டுமே எரிந்திருந்தால் எஸ்.எஸ்.டி. பிழைத்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

டிரைவ் வந்தது. ஆனால் அதன்மேல் ஒரு பூட்டுப் படம்! 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது.

வாசகர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் கொடுத்து இன்ஸ்டால் செய்தால், பல சிஸ்டங்களில் டிரைவ் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும். நம்மைக் கேட்காது. அதே சிஸ்டத்தில் இருக்கும்வரை இது தெரியவும் தெரியாது. டிரைவைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டால் கீ கேட்கும். கீ இல்லையென்றால் உள்ளே இருப்பது எதுவும் கிடைக்காது. கீ அந்த மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கும்.

அப்பாவின் அக்கவுண்டுக்குப் பாஸ்வேர்டு என்ன? தீபாவளி அன்று அவசரத்தில் போட்டது. எனக்கு நினைவில்லை. அப்பா எழுந்து போய்த் தன் டைரியை எடுத்து வந்தார். நான் போனபிறகு, கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் தேதியுடன் எழுதி வைத்திருக்கிறார்! அதைக் கொடுத்து நுழைந்து, ரெக்கவரி கீயைப் பார்த்து, 48 எண்களையும் அப்பா வாசிக்க வாசிக்க நான் டைப் செய்தேன். பூட்டுத் திறந்தது. மனுக்கள் எல்லாம் இருந்தன.

இ.எம்.எம்.சி. சிப் உள்ள மலிவு மாடலை வாங்கியிருந்தால் அன்று நான் எதையும் கழற்றி எடுத்திருக்க முடியாது. பாட்டியின் மனுவை அன்றே மன்னார்குடியில் பிரிண்ட் எடுத்து வந்து கொடுத்தோம்.

அடாப்டர் பாடம்

• அடாப்டரில் ‘அவுட்புட்’ என்ற வரியைப் பாருங்கள். வோல்ட் எண் சிஸ்டத்தில் எழுதியிருப்பதுடன் அப்படியே ஒத்துப்போக வேண்டும். 12-க்கு 19 போட்டால் எரியும்.

• ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறைவாக இருந்தால் சிஸ்டம் வேலை நடுவே அணைந்துவிடும்.

• பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்று காட்டும் வட்டக் குறியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

• பின் உள்ளே போகிறது என்பதால் அது சரியான அடாப்டர் என்று அர்த்தமில்லை.

• முறையான யு.எஸ்.பி. சி பவர் டெலிவரி உள்ள சிஸ்டத்தில் இந்த ஆபத்து மிகக் குறைவு. சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டும் கொடுத்து, சிஸ்டம் கேட்ட பிறகே கூட்டும். ஆனால் சில மலிவு மாடல்களில் துளை மட்டும் சி வடிவில் இருக்கும். உள்ளே இந்த வசதி இருக்காது. மேனுவலைப் பாருங்கள்.

• மேக் மினியில் பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே உள்ளது. வெளி அடாப்டர் கிடையாது.

• வாங்கிய அன்றே அடாப்டரில் ஒரு பேப்பர் ஒட்டி எந்தப் பொருளுக்கு உரியது என்று தமிழில் எழுதுங்கள். பயன்படாத சார்ஜர்களை அந்த அறையிலிருந்து அகற்றுங்கள்.

இந்தக் கடைசி இரண்டையும் நான் செய்திருந்தால் ஐந்து ரூபாய் செலவில் விஷயம் முடிந்திருக்கும்.

வெப்பமும் தூசியும்

சின்னப் பெட்டிக்குள் சின்ன பேன். நம் ஊர் சித்திரை வெயிலில் அது அதிகம் உழைக்க வேண்டியிருக்கும். எனவே டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். மேலே துணி, பேப்பர் போடாதீர்கள். காற்று போகும் துளைகளுக்கு நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மானிட்டரின் பின்னால் மாட்டும் தகடு சில மாடல்களுடன் வரும். மானிட்டரின் முதுகில் 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் நான்கு ஸ்க்ரூ துளைகள் இருந்தால் மாட்டலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அணைத்து, வயரைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தூசியை எடுங்கள். பேன் சத்தம் திடீரென்று கூடினால் பெரும்பாலும் தூசிதான் காரணம்.

பேக்கப், கீ: இன்றே செய்யுங்கள்

1. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் திறந்து, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

2. ஆன் ஆகியிருந்தால் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் நுழைந்து ரெக்கவரி கீயை எடுத்து ஒரு பேப்பரில் எழுதி, கம்ப்யூட்டருக்கு அருகில் இல்லாமல் பீரோவில் வையுங்கள்.

3. முக்கியமான பைல்கள் எப்போதும் இரண்டு இடங்களிலாவது இருக்க வேண்டும். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் அல்லது பென் டிரைவ் போதும். வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு காப்பி செய்யுங்கள். காப்பி செய்ததைத் திறந்தும் பாருங்கள்.

4. பேக்கப் டிரைவை எப்போதும் சிஸ்டத்திலேயே செருகி வைக்காதீர்கள். சிஸ்டத்தோடு சேர்ந்து அதுவும் போய்விடக்கூடும்.

இரண்டாவது பெட்டி

பிப்ரவரியில் இரண்டாவது பெட்டி வாங்கினேன். இந்த முறை ரீபர்பிஷ்டு ஆபீஸ் மினி. ஐ5-8500டி பிராசஸர், 8 ஜி.பி. ராம். கடையில் 40 நிமிடம் ஓட்டிப் பார்த்து, எல்லா போர்ட்டுகளிலும் பென் டிரைவைச் செருகிப் பார்த்து, பேன் சத்தம் கேட்டு, எழுத்து மூலம் ஓராண்டு வாரண்டி வாங்கினேன். நீங்களும் ரீபர்பிஷ்டு வாங்கினால் இவற்றைச் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் ராம் அளவையும், செட்டிங்ஸில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இந்த மாடலின் அடாப்டர் முனை செவ்வக வடிவம். உருண்டை பின் எதுவும் இதற்குள் போகாது. நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணமே அதுதான்.

அப்பா முதல் இரண்டு நாள் தொடவே இல்லை. “நீயே போட்டு விட்டுட்டுப் போ, நான் அணைக்காம வச்சுக்கறேன்” என்றார். நான் எல்லா வயரையும் பிடுங்கிக் கூடையில் போட்டேன். “இப்ப நீங்களே மாட்டுங்கப்பா. தப்பா மாட்டவே முடியாது” என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வயரிலும் ஒட்டியிருந்த பேப்பரைப் படித்துப் படித்து மாட்டினார். ஸ்விட்சைப் போடும்போது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். திரை வந்தது.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பாவே பென் டிரைவில் காப்பி எடுக்கிறார். டைரியில் தேதி போட்டு எழுதியும் வைக்கிறார். பாட்டிக்கு உதவித்தொகை மறுபடி வரத் தொடங்கிவிட்டதாகச் சித்திரையில் போனில் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் அப்பா, அம்மா யாராவது இப்படிச் சின்னக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மூன்று வேலைகளைச் செய்துவிட்டு வாருங்கள். அடாப்டரில் பேப்பர் ஒட்டுங்கள். ரெக்கவரி கீயை எழுதி வையுங்கள். ஒரு பென் டிரைவில் காப்பி எடுங்கள். மொத்தம் அரை மணி நேரம்தான் ஆகும்.